அடிக்கு அரை அங்குலம்

நான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த லாரி, கரி ஏற்ற வந்த லாரி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், தார்ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே கிடக்கிற கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. மழை இருந்தால் பருத்தி, சோளம், மல்லி. மழை ஏமாற்றிய வருஷம் சீமைக்கருவைதான் வெள்ளாமை. வெட்டிய விறகைக் குவித்து, தழை போர்த்தி, மண்ணைக் குழைத்துப் பூசி மூட்டம் போடுவார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து அடங்கி, ஆறியபின் பிரித்தால் கரி. சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் அடுக்கியிருப்பார்கள். அதற்குத்தான் லாரி வரும்.

கரி கனமில்லாத சரக்கு. அதனால் மூட்டைகள் கேபினுக்கு மேலே இன்னொரு கேபின் உயரத்துக்குப் போகும். ஏற்றி முடித்ததும் கிளீனர் உச்சியில் நின்றுகொண்டு கயிற்றை வீசுவார். கீழே நிற்பவர் அதைக் கொக்கியில் மாட்டி, ஒரு காலை லாரியில் ஊன்றி, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் மூட்டைகள் நெறுநெறுவென்று நெருங்கும். கடைசியில் அந்தக் கறுப்பு மலை ஆடி ஆடி வண்டிப்பாதையில் இறங்கிப் போகும். புழுதி அடங்கும்வரை நின்று பார்ப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அன்றைக்குச் சாயங்காலமே சோளத்தட்டையில் ஒரு லாரி செய்தேன். காய்ந்த தட்டையின் மேல்தோலைப் பல்லால் உரித்தால் நீளநீளமாகச் சிம்பு வரும். உள்ளே வெள்ளை நெட்டி. நெட்டியைத் துண்டு போட்டுச் சிம்பை ஆணியாகக் குத்தினால் மூக்குக்கண்ணாடி, ஏர்க்கலப்பை, மாட்டுவண்டி என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். கரிசல் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. சிம்பு உதட்டைக் கிழிக்கும், அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஊரில் நுங்குவண்டி உருட்டாத பையன் கிடையாது. எனக்கு அது ஒப்பவில்லை. நுங்குவண்டி ஓடினால் போதும். நான் செய்வது லாரி மாதிரியே இருக்க வேண்டும். கேபின், லோடு பாடி, பின்னால் இரட்டைச் சக்கரம் எல்லாம் வேண்டும். நெட்டிச் சக்கரம் இரண்டு நாளில் நசுங்கிவிடும். அறுந்துபோன ரப்பர் செருப்புக்காகக் குப்பைமேடெல்லாம் அலைந்திருக்கிறேன். சைக்கிள் கடையில் ஒடிந்த போக்ஸ் கம்பி கிடைத்தால் அதுதான் அச்சு.

முழுப்பரீட்சை லீவுக்குச் சாத்தூரில் அத்தை வீட்டுக்குப் போவேன். அங்கே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கு, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் விரலில் பசை காய்ந்து வெடிக்க ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து நானும் ஒட்டியிருக்கிறேன். லீவு முடிந்தால் நான் பள்ளிக்கூடம் திரும்பினேன், அவர்கள் திரும்பவில்லை. அதை நினைக்காமல் என்னால் தீப்பெட்டி லாரியைப் பற்றி எழுத முடியாது.

கோணலாகப் போன பெட்டிகளை அத்தை எனக்குக் கொடுத்துவிடுவாள். ஒன்றை நிறுத்தினால் கேபின், மேல்பெட்டி இல்லாமல் இரண்டைச் சேர்த்துப் படுக்கவைத்தால் லோடு பாடி. மைதாப் பசையால் ஒட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஒரே வாரத்தில் கரப்பான்பூச்சி பசையைத் தின்றுவிட்டு லாரியைப் பிரித்துப் போட்டிருந்தது. அடுத்த லீவில் அத்தையிடம் சொல்லி அழுதேன். "துத்தம் போட்டுக் காச்சணும்டா" என்று சிரித்தாள். மயில்துத்தம் கொஞ்சம் பொடித்துப் போட்டுக் காய்ச்சிய பசையைப் பூச்சி தொடாது. அந்தப் பசையில் ஒட்டிய ஒரு லாரி இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

பின்னாளில் ஒரு சங்கதி தெரியவந்தது. லண்டனில் லெஸ்னி என்று ஒரு கம்பெனி, 1947இல் தொடங்கியது. அதில் கூட்டாளியாக இருந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் பித்தளையில் ஒரு குட்டி ரோடுரோலர் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினார். மற்றப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். உலகம் பூராவும் விற்ற மேட்ச்பாக்ஸ் கார்கள் 1953இல் அப்படித்தான் பிறந்தன. இதைப் படித்தபோது சாத்தூர்த் திண்ணை கண்ணில் வந்து நின்றது. அவர்கள் தீப்பெட்டிக்குள் வண்டியை வைத்தார்கள். எங்களுக்குத் தீப்பெட்டியே வண்டி.

எங்கள் மாமா லாரி டிரைவர். 1985இல் கடன் வாங்கிச் சொந்தமாகப் பழைய டாட்டா 1210 ஒன்று எடுத்தார். ஊரில் யாரும் அதை டாட்டா என்று சொல்லமாட்டார்கள், பென்ஸ் லாரி என்பார்கள். 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு டாட்டா கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969இல் கூட்டு முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் டாட்டாவின் எழுத்து வந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்து வாய்க்கு அது பென்ஸ்தான். இன்னொரு சாதி வண்டி லேலண்டு, எண்ணூரில் பிறந்தது. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று கண்மாய்க்கரையில் இருந்தபடி சொல்லிவிடுவோம்.

1210 என்ற எண்ணுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்ததும் மாமாதான். "மொத ரெண்டு நம்பரு வண்டியோட மொத்த எடை மாப்ளே, பன்னெண்டு டன். பின்னாடி பத்து இருக்குல்ல, அதப் பத்தால பெருக்கு. நூறு குதிரை." பிறகு வந்த 1612, 407 எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் படித்துக்கொண்டேன். வகுப்பில் பெஞ்சுக்கடியில் தீப்பெட்டி லாரியை உருட்டி மாட்டிக்கொண்ட அன்று, தமிழய்யா அடிக்கவில்லை. லாரியை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குப் பத்துப் பருவம் உண்டு, அதில் கடைசி சிறுதேர் என்று பாடத்தையே அதிலிருந்து தொடங்கினார். மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமா தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றுவார். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை. உப்பு லாரியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் இருந்தாலும் அடியில் துரு தின்றிருக்கும். லோடு பாடியை அடிக்கடி பிரித்து மாட்ட வேண்டியிருக்கும். 1986 கோடையில் மாமாவின் வண்டி அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் ஏறக்குறைய ஒரு மாதம் நின்றது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். தினமும் பஸ் ஏறிப் போய்ப் பட்டறையிலேயே கிடந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாமும் அந்த ஒரு மாதத்தில் கற்றவை.

பலகை வேலை செய்த ஆசாரி வாய் திறக்காதவர். நான் அட்டையில் லாரி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கேபின் பெரிசாகவும் பாடி சின்னதாகவும் இருந்ததைக் கண்டு பொறுக்காமல் கூப்பிட்டார். மடக்கு அளவுகோலை என் கையில் கொடுத்தார். "குத்துமதிப்பா செய்யாதப்பா. வண்டில ஒரு அடின்னா, உன்னோடதுல அரை அங்குலம்னு வச்சுக்கோ. எல்லாத்துக்கும் அதே கணக்கு. பிசகாது." அன்றைக்கு மாமாவின் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தேன். நாற்பது பக்க நோட்டில் பாதி நிரம்பியது. லோடு பாடி 17 அடி. அதனால் என் லாரியில் எட்டரை அங்குலம். முன்சக்கரத்து நடுவிலிருந்து பின்சக்கரத்து நடுவுக்கு 13 அடி 10 அங்குலம். அதாவது ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. டயர் விட்டம் மூன்று அடி நான்கு அங்குலம். மட்கார்டு வளைவை அளக்க முடியாமல் திணறியபோது, சிமெண்டுச் சாக்கு அட்டையை அதன்மேல் வைத்து வெட்டிக் காட்டினார் ஆசாரி.

பெயிண்டர் அண்ணன் இவருக்கு நேர்மாறு, ஓயாமல் பேசுவார். லாரிக்குப் பெயிண்ட் என்றால் முதல் இரண்டு நாள் பெயிண்ட் டப்பாவே திறக்கமாட்டார். பழசைச் சுரண்டுவது, துருவை உப்புத்தாளால் தேய்ப்பது, நெளிந்த இடத்துக்குப் பட்டி வைப்பது, காய்ந்ததும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் மறுபடி தேய்ப்பது. தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். "கண்ணு ஏமாத்திப்புடும் தம்பி, கை ஏமாத்தாது" என்பார். அதற்கப்புறம்தான் பிரைமர். எழுத்து எழுத அணில்வால் முடியில் தானே கட்டிய பிரஷ் வைத்திருந்தார். சாக்பீஸ் தடவிய நூலை இரு முனையும் பிடித்துச் சுண்டினால் தகட்டில் வெள்ளைக்கோடு விழும். அந்தக் கோட்டில் எழுத்து உட்காரும். வலது கையின் கீழே இடது கை முட்டி தாங்கலாக இருக்கும். கோடு முடியும்வரை மூச்சு விடமாட்டார்.

அவர் சிரட்டையில் மிச்சம் வைத்த பெயிண்டை நான் என் லாரிக்கு அடித்தேன். கெட்டிக் கஞ்சி ஊற்றினாற்போல ஆகிவிட்டது. அட்டையில் பாடுபட்டு ஒட்டிய பலகை இடுக்கெல்லாம் மூடிப்போனது. அண்ணன் வாங்கிப் பார்த்தார். "பெரிய வண்டிக்கு அடிக்கிற கனத்துல அடிச்சா இதுக்குத் தோல் தடிச்சுப் போகும்ல. தின்னர் விட்டுத் தண்ணியாக்கு. ஒரு கை அடி, காய விடு, ஒரு கை அடி." இரண்டாவதாக ஒன்று சொன்னார், அதை இன்றும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். மாமாவின் கேபினுக்கு அடித்த அதே காவியை என் லாரிக்கு அடித்தபோது நிறம் இருட்டாகத் தெரிந்தது. நான் டப்பாவைச் சந்தேகப்பட்டேன். "ஒரு சொட்டு வெள்ளை விடு. தூரத்துல நிக்கிற லாரிய நீ பாத்ததில்லையா? கிட்ட இருக்கிற நிறமா அதுக்கு?" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். வெளிநாட்டில் இந்தக் கலையில் ஊறியவர்களும் இதையே விதியாகச் சொல்கிறார்கள்: உருவம் சிறுத்தால் நிறமும் வெளுக்க வேண்டும்.

நிறத்துக்குச் சட்டமும் உண்டு. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், நேஷனல் பெர்மிட் லாரிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறமும் அகலமான வெள்ளைக் கரையும் என்று இருந்தது. அந்தப் பழுப்பைக் கலப்பது லேசல்ல. நான் வாதுமை மரத்தடியில் உதிர்ந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கலப்பேன்.

1990க்குப் பிறகு மாமாவுக்கு இறங்குமுகம். இரண்டு வருஷம் தவணை நின்றது. கடன் கொடுத்தவர்கள் ஒருநாள் விடியற்காலையில் வந்து, ரோட்டோரம் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டிரைவர் சீட்டில் மாட்டியிருந்த சட்டைகூடப் போய்விட்டது. 1993இல் அது உடைக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். மாமா அதன்பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. வண்டியின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இருந்தது என் நாற்பது பக்க நோட்டு.

நான் மதுரையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் டமியா கம்பெனியின் கார் கிட் ஒன்று வாங்கிவந்தார். ஜப்பான்காரர்கள் செய்தது. சட்டத்தில் காய் காய்த்தாற்போல ஒட்டிக்கொண்டிருந்த பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி, அரம் போட்டு, பொருத்தும்போது ஒரு மயிரிழை பிசகவில்லை. அந்த வேலை நேர்த்திக்கு இன்றும் தலைவணங்குகிறேன். டப்பாவின் மேல் 1/24 என்று போட்டிருந்தது. என்னவென்று யோசித்தேன். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். அரை அங்குலம் அதில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. அருப்புக்கோட்டைப் பட்டறையில் ஆசாரி சொன்ன கணக்கும் ஜப்பான் டப்பாவில் அச்சடித்த கணக்கும் ஒன்று. அன்று இரவு தூங்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

இத்தாலிக்காரர்கள் ஐரோப்பிய லாரிகளுக்குக் கிட் போடுகிறார்கள். அமெரிக்காவின் நீளமூக்கு லாரிகளுக்கு 1/25 அளவில் கிட் உண்டு. மாமாவின் லாரிக்கு எந்தக் கடையிலும் டப்பா கிடைக்கவில்லை. அட்டை, தகரம், மூங்கில் சீவல் கொண்டுதான் செய்ய வேண்டியிருந்தது. எட்டு மாதம் ஆயிற்று. 42 மில்லிமீட்டர் டயர் ஏழு வேண்டும், ஸ்டெப்னியோடு சேர்த்து. கனம் 11 மில்லிமீட்டர். புதுச்செருப்பு தடிமன் அதிகம். நடந்து தேய்ந்த செருப்பு சரியாக இருந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ். முன்கண்ணாடிக்குக் கழுவிய எக்ஸ்ரே பிலிம். தார்ப்பாய்க்குக் கிழிந்த குடைத்துணி. கயிற்றுக்கு நெசவுகாரர் வீட்டில் நூல் கேட்டேன். 20ஆம் நம்பர் நூலை மூன்று இழையாக முறுக்கினால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்துநான்கால் பெருக்கினால் லாரிக்கயிற்றின் பருமன். அதைக் கொக்கியில் மாட்டி, சின்ன வயதில் பார்த்தபடியே இழுத்துக் கட்டினேன். திருஷ்டிக்காகப் பின்னால் தொங்குகிற பழைய செருப்பையும் விடவில்லை. அரை அங்குலச் செருப்பு, செருப்பு ரப்பரிலேயே வெட்டியது.

புழுதிதான் கடைசி வேலை. வெளிநாட்டுப் புத்தகங்கள் இதற்கென்று பொடிகள் விற்பதாகச் சொல்லும். நான் ஊருக்குப் போய்க் கண்மாய் மண்ணை அள்ளி, வெயிலில் காயவைத்து, மல்துணியில் சலித்தேன். ஈரக் கரிசல் கறுப்பு. ஆனால் காய்ந்து பறக்கும்போது அது சாம்பல் நிறம். இது தெரியாமல் கறுப்புப் பூசினால் லாரி கரிமேட்டிலிருந்து வந்ததுபோல இருக்கும். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பருக்கு வெள்ளைப் புழுதி. உப்பு லாரிக்குத் துரு. லேத் பட்டறையில் விழுந்த இரும்புத்தூளை உப்புத்தண்ணீரில் ஒரு வாரம் வைத்தால் நிஜத் துருவே கிடைத்துவிடும். அதைக் குழைத்துப் பாடியின் அடியில், உப்புத் தண்ணீர் ஒழுகி இறங்கும் இடங்களில் மட்டும் தொட்டு வைத்தேன்.

முடித்ததும் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்து மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் வைத்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். மாமா விரலால் டிரைவர் பக்கத்துக் கதவைத் தொட்டார். பிறகு சுற்றி வந்து இடதுபக்கம் பார்த்தார். "கிளீனர் பக்கத்துப் படி இப்படி நேரா இருக்காது மாப்ளே. பந்தல்குடி வளைவுல கல்லுல ஏறி உள்ளாற மடங்கிப் போச்சு. நிமித்தவே இல்ல." நோட்டை எடுத்துப் பார்த்தேன். படியின் நீளம் எழுதியிருந்தேன், மடங்கியதை எழுதவில்லை. அங்கேயே அத்தையின் இடுக்கியை வாங்கி அந்தப் படியை உள்ளே மடக்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். மடக்கினேன். "ம், இப்பத்தான் நம்ம வண்டி" என்றார். அந்த லாரியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். மாமா காலமாகும்வரை சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அத்தை தூசு தட்டுகிறாள். கரிசல் புழுதியைத் துடைத்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறைய இளைஞர்கள் ஃபோம் ஷீட்டை வெட்டி, தாங்கள் ஏறிப் போன பஸ்ஸையும் லாரியையும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். கண்டக்டர் சீட்டு, ஜன்னல் கம்பி, ஊர்ப் பலகை வரை வைத்து, உள்ளே விளக்கும் எரிய வைக்கிறார்கள். எந்தக் கடை டப்பாவிலும் வராத வண்டிகள். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அவர்கள் செய்வதில் பெரும்பாலும் இன்றைய வண்டிகள். பழைய மூக்குவைத்த லாரிகள் ரோட்டிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது. தனியார் லாரிகளும் தகுதிச் சோதனையில் தோற்றால் இரும்புக்குத்தான். ஆசாரி கட்டிய மரப் பாடிகளை யாரும் வரைபடம் போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கைவாகு, ஒரு பூ வேலை, ஒரு எழுத்து. வண்டி உடைந்தால் அதுவும் சேர்ந்து போகிறது.

உங்கள் ஊரில் வேப்பமரத்தடியிலோ பட்டறைக்குப் பின்னாலோ ஒரு பழைய லாரி முள் முளைத்து நிற்கலாம். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் செய்யாவிட்டாலும் வேறு ஒரு பிள்ளை செய்வான், செய்வாள். நீளம், அகலம், உயரம், சக்கர இடைவெளி எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வளைவுகளை அட்டையில் வெட்டி எடுங்கள். உரிந்த பெயிண்டுக்கு அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். எங்கே மடங்கியிருக்கிறது, எப்படி மடங்கியது என்று ஓட்டியவரிடம் கேட்டு அதையும் எழுதி வையுங்கள்.